மில் பக்கமா, குளத்துப் பக்கமா

என் மகள் வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு ஷட்டில் ஆடப் போகிறாள். மேடவாக்கம் பக்கம், தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே பச்சை விரிப்பு ஒட்டிய ஆறு கோர்ட்டுகள், கூசாத வெள்ளை விளக்குகள், காற்று நுழையாதபடி நாலு பக்கமும் அடைப்பு. முந்தின இரவே போனில் பணம் கட்டி இடம் பிடித்துவிட வேண்டும். ஏழு அடிக்கும்போது அடுத்தவர்கள் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நிற்பார்கள்.

தை மாதத்தில் ஒரு நாள், அவளோடு ஆட வேண்டிய தோழிக்குக் காய்ச்சல். "நீங்க வாங்கப்பா. சின்ன வயசுல ஆடினேன்னு சொல்வீங்களே" என்றாள். போனேன். கையில் கொடுத்த மட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு லேசாக இருந்தது. அவள் போட்ட இறகு தலைக்கு மேல் வந்தது. முழுக் கையையும் பின்னால் கொண்டுபோய், தோளிலிருந்து வீசினேன். இறகு வலையைத் தொட்டு என் பக்கமே விழுந்தது. அடுத்ததும் அப்படியே. "மணிக்கட்டுப்பா, மணிக்கட்டு" என்று அவள் அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். என் கைக்கு அது புரியவில்லை. நாற்பது வருடத்துக்கு முன் கற்றதை அது விடாமல் வைத்துக்கொண்டு, அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தது.

"நான் ஆடினது இது இல்லைம்மா."

"பூப்பந்துன்னுதானே சொன்னீங்க?"

"பூப்பந்துதான். இது வேற, அது வேற."

வண்டியில் திரும்பும்போது அந்த வித்தியாசத்தை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். பள்ளிக்கரணை சிக்னல் தாண்டுவதற்குள் அவளுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. சொல்ல நினைத்தது அப்படியே தங்கிவிட்டது.

செய்தித்தாள்கள் ஷட்டிலையும் சில சமயம் பூப்பந்து என்றே எழுதிவிடுகின்றன. அதனால் என் ஆட்டத்துக்கு இப்போது தனிப் பெயரே இல்லாததுபோல் ஆகிவிட்டது. இறகில் ஆடுவது இறகுப்பந்து. நாங்கள் ஆடியது கம்பளி நூலில் செய்த மஞ்சள் பந்து, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஊரில் "பால் பேட்மிண்டன்" என்போம். பந்து 27 முதல் 30 கிராம் இருக்க வேண்டும். இறகு ஐந்து கிராம்தான். இன்றைய ஷட்டில் மட்டை நூறு கிராமுக்கும் குறைவு. எங்கள் மர மட்டை 165 முதல் 185 கிராம் வரை. ஷட்டில் களத்தின் நீளம் பதின்மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்களுடையது 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். வலை ஓர் ஆள் உயரத்தையும் தாண்டி, 183 சென்டிமீட்டரில் நிற்கும். அவ்வளவு தூரத்துக்கு அந்த எடையை அனுப்ப மணிக்கட்டு மட்டும் போதாது. தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும். அன்று காலை என் கை செய்தது அதைத்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் ஆட்களின் எண்ணிக்கை. ஷட்டிலுக்கு இரண்டு பேர் போதும். பூப்பந்துக்குப் பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இரண்டு, நடுவில் ஒருவர், பின்னால் இரண்டு. பந்து தரையைத் தொடக் கூடாது. வாலிபாலில்போல் ஒருவர் எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதும் கிடையாது. யார் மட்டையில் வருகிறதோ அவர் ஒரே அடியில் திருப்ப வேண்டும். ஐந்து பேருக்கு நடுவே ஒரு பந்து வரும்போது அது யாருடையது என்பது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவாக வேண்டும். "எனக்கு!" என்றொரு குரல். வெளியே போகும் பந்தானால் "விடு!" என்றொரு குரல். எங்கள் ஊரில் அந்தி நேரத்து ஓசை என்று எனக்கு நினைவிருப்பது கோயில் மணியோ ரயில் சத்தமோ இல்லை. இந்த இரண்டு சொற்கள்தான். கூடவே கம்பளிப் பந்து நரம்பில் படும் 'தொப்' என்ற மெத்தென்ற சத்தம்.

ஊர் பாபநாசத்துக்குப் பக்கம், குடமுருட்டிக் கரை. நெல் மில்லுக்கும் ஊர்க் குளத்துக்கும் நடுவே ஒரு திடல் இருந்தது. தை அறுவடை முடிந்து மண் இறுகத் தொடங்கியதும் சித்தப்பா மண்வெட்டியோடு போய்விடுவார். மேடு சீவி, பள்ளம் நிரப்பி, குளத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, மறுநாள் திமிசுக்கட்டையால் அடிப்போம். எங்கள் பக்கத்து வண்டல் மண் இந்த ஆட்டத்துக்கென்றே வந்து படிந்ததுபோல் இருக்கும். நனைத்து அடித்துக் காயவிட்டால் சிமென்ட் தரை மாதிரி ஆகும், ஆனால் விழுந்தால் முட்டி பெயராது. சுண்ணாம்புக் கோடு போடுவது சிறுவர்கள் வேலை. கயிற்றை இழுத்துப் பிடித்து அதன் ஓரமாகவே கொட்டாங்கச்சியில் கரைத்த சுண்ணாம்பை ஊற்றிக்கொண்டு போக வேண்டும். கோடு வளைந்தால் சித்தப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அழித்துவிட்டு மறுபடி கயிறு கட்டுவார்.

ஆட்டத்தின் பருவத்தை நிர்ணயித்தது தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகையில் திடல் தண்ணீரில் கிடக்கும். மார்கழியில் ஈரம் காயாது. தையில் தொடங்கினால் மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஐந்து மாதம் ஓடும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் சித்தப்பாவின் கண்ணில் மகிழ்ச்சியும் கொஞ்சம் வருத்தமும் சேர்ந்தே தெரியும். தண்ணீர் வந்து சேர்ந்ததும் நாற்றங்கால் வேலை. பத்துப் பேரில் நாலு பேர் வயலுக்குப் போய்விடுவார்கள். வலையைச் சுருட்டி மில் கணக்கர் அறையில் வைத்துவிடுவோம்.

பத்துப் பேர் யார் என்று இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போஸ்ட் மாஸ்டர், மில் கணக்கர், பள்ளிக்கூடத்து வரலாற்று வாத்தியார், சித்தப்பா, ரயில்வே கீமேன், சைக்கிள் கடை அண்ணன், டீக்கடைக்காரர் மகன், கிழக்குத் தெரு இரட்டையர், நான். இது 1979-ல் தொடங்கிய வரிசை. எனக்கு அப்போது பதினான்கு வயது. ஐந்து மணிக்கு போஸ்ட் ஆபீஸ் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் மற்ற ஒன்பது பேரும் தத்தம் இடத்திலிருந்து புறப்படுவோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடுதான் பெரியவர்கள் ஆடுவார்கள். போஸ்ட் மாஸ்டர் ஒருவர்தான் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போடுவார்.

அந்தப் பத்துப் பேர் வட்டம் எல்லோருக்கும் திறந்திருந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். பெண்கள் ஆடவில்லை. குளத்துக்குத் தண்ணீருக்கு வருகிறவர்கள்கூட அந்த நேரத்தில் திடலைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். காலனிப் பையன்கள் பந்து பொறுக்க வருவார்கள். வெளியே போகும் பந்தைக் குளத்தில் விழாமல் தடுப்பது அவர்கள் வேலை. அதற்கு மேல் அவர்களைக் கோட்டுக்குள் யாரும் கூப்பிட்டதில்லை. 1981 பங்குனியில் என்று நினைவு. கீமேனுக்கு லயனில் வேலை வந்துவிட்டது. ஒன்பது பேர் நின்றுகொண்டிருக்கிறோம். ஐந்தரை ஆயிற்று. வெயில் இறங்குகிறது. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தை ஆட முடியாது. சித்தப்பா குளத்துப் பக்கம் திரும்பி, பந்து பொறுக்க நின்றிருந்த என் வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து, "டேய் தம்பி, உள்ளே வா" என்றார். யாரும் பேசவில்லை. மில் கணக்கர் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அவனுக்கு சித்தப்பா தன் மட்டையையே கொடுத்து நடுவில் நிறுத்தினார். இரண்டு வருடமாக வெளியே நின்று பார்த்திருந்த கண் அது. யார் கை எந்தப் பக்கம் சாயும், எந்த அடிக்குப் பந்து எவ்வளவு இறங்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அன்று அவன் பத்து அடி தள்ளி வந்த பந்தையெல்லாம் போய் எடுத்தான். மறுநாள் கீமேன் வந்துவிட்டார். ஆனால் சித்தப்பா பதினோராவது ஆளாக அவனையும் இருக்கச் சொல்லிவிட்டார். அந்த வருடத்திலிருந்து எங்கள் ஊர் அணியின் சென்டர் அவன்தான். கோட்டுக்குள் நானும் அவனும் வாடா போடா. கோட்டுக்கு வெளியே அது அப்படி ஆக இன்னும் சில வருடங்கள் பிடித்தன. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இந்த ஆட்டத்தின் உயிர் 'கட்' அடிப்பதில் இருக்கிறது. மட்டையை நேராக வைத்து அடித்தால் பந்து நேராகப் போகும்; எதிரி எடுத்துவிடுவான். மட்டையின் முகத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பந்தைச் சீவினால் கம்பளி நரம்பைப் பிடித்துக்கொண்டு சுழலும். வலையைத் தாண்டும்வரை சாதுவாகப் போய், தாண்டியதும் பக்கவாட்டில் ஒதுங்கி இறங்கும். பந்து பழசாக ஆக மயிர் எழும்பும், பந்து பருத்து மெதுவாகும், சுழற்சி கூடும். புதுப் பந்து வேகமாக வருவதால் பின்னால் நிற்பவர்களுக்கு வேலை. பழைய பந்தில் முன்னால் நிற்கும் இருவருக்கும் சோதனை. பனி இறங்கிவிட்டால் ஈரம் குடித்துக் கனக்கும். ஆட்டம் முடியும்போது மட்டை நரம்பின் கட்டங்களுக்குள் மஞ்சள் பிசிறு அடைத்துக்கொண்டிருக்கும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஈர்க்குச்சியால் அதைத் தள்ளி எடுப்பதும், மட்டை வளையாமலிருக்க மரச் சட்டத்துக்குள் வைத்து நாலு மூலையிலும் திருகை இறுக்குவதும் ஆட்டத்தில் சேர்ந்தவைதான் எனக்கு.

ஆட்டம் தொடங்குமுன் எந்தப் பக்கம் நிற்பது என்று தேர்ந்தெடுப்பதில் சித்தப்பாவுக்கு ஒரு முறை உண்டு. குனிந்து ஒரு சிட்டிகைப் புழுதி எடுப்பார். மார்பு உயரத்தில் கையை வைத்து விரலை மெல்லப் பிரிப்பார். புழுதி சாய்கிற திசையைப் பார்ப்பார். மில் பக்கம், குளத்துப் பக்கம் என்று எங்களுக்கு இரண்டே பக்கம். மாசி, பங்குனியில் பெரும்பாலும் தென்றல் குளத்தின் மேலிருந்து வந்து மில் பக்கம் போகும். "எதிர்காத்துல நில்லு" என்பார். "எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் பந்து கோட்டுக்கு வெளியே போகாது. காத்து பிடிச்சுக் குடுத்துடும்." அதனால் எங்களுக்குத் தேர்வு கிடைத்தால் மில் பக்கம்தான். மகள் ஆடுகிற கொட்டகையில் நின்றபோது எனக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது, காற்று. ஐந்து கிராம் இறகு காற்றில் நிற்காது. அதனால் காற்றை வெளியே நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆட்டத்தில் அது இன்னொரு ஆள்.

வரலாற்று வாத்தியார், ஆட்டம் முடிந்து குளத்தில் கால் கழுவும்போது கதை சொல்வார். தஞ்சாவூரின் கடைசி மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. பூப்பந்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் 1856-லேயே தஞ்சை அரச குடும்பத்தார் இதை ஆடினார்கள் என்றுதான் தொடங்குவார்கள். இந்த இரண்டு வருடங்களையும் அவர் சேர்த்துச் சொன்ன மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரண்மனை இருக்கிறது, ஆள நாடு இல்லை. ராஜ்யம் போனவர்களுக்கு மாலைப் பொழுது மட்டும் மிச்சமிருந்திருக்கும். அங்கே யாரோ பத்துப் பேர் கம்பளிப் பந்தை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் காற்று என்று பார்த்திருப்பார்கள். அரண்மனையிலிருந்து அது எங்கள் வேட்டிக்காரர்களின் திடலுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டேன். "பந்துக்குத் தெருப் பேதம் தெரியுமா?" என்றார் வாத்தியார். சென்டர் ஆடுகிறவன் பக்கத்தில்தான் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

அதே நூற்றாண்டில் பூனா பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் இறகு வைத்து ஆடிய ஆட்டம் கப்பலேறிப் போய், இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் பாட்மிண்டன் மாளிகையிலிருந்து பெயர் வாங்கிக்கொண்டு, 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் வரை போய்விட்டது. எங்கள் பந்து கப்பலேறவில்லை. ஆனால் தஞ்சையிலேயே நின்றுவிடவும் இல்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் ஊர் ஊராகப் பரவியது. 1954-ல் அகில இந்திய சம்மேளனம் வந்தது. 1970-ல் ஜம்மலமடக பிச்சய்யாவுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. பூப்பந்துக்கு அந்த விருதை முதலில் வாங்கியவர் அவர்தான். வாரங்கலில் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2021 டிசம்பரில் மறைந்தார். அந்தச் செய்தியைப் பத்திரிகையின் ஒரு மூலையில் பார்த்தேன். வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரென்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்ததால் சொல்லாமல் விட்டுவிட்டேன். இன்று வரை அது மனதில் உறுத்துகிறது.

சித்திரையில் ராத்திரி டோர்னமென்ட்டுகள் நடக்கும். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று சுற்றுவோம். கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டி விளக்குத் தொங்கவிட்டிருப்பார்கள். வெளிச்சத்தைப் பார்த்து வருகிற பூச்சிகளுக்கு நடுவே மஞ்சள் பந்தைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும். அப்போது 29 புள்ளி எடுத்தால் ஒரு ஆட்டம். மூன்றில் இரண்டு எடுக்க வேண்டும். ஒரு மேட்ச் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். விடிய மூன்று மணிக்கு மீட்டர் கேஜ் பாசஞ்சரில் ஏறி, மட்டைகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுப்போம். 1984-ல் ஒரே ஒரு முறை கோப்பை வாங்கினோம். அதை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது சித்தப்பா போஸ்ட் ஆபீஸில் வைக்கலாம் என்றார். ஊரில் எல்லாத் தெருக்காரர்களும் வந்து போகிற இடம் அதுதான் என்றார். போஸ்ட் மாஸ்டர் மாற்றலாகிப் போகும்வரை அது அங்கே தராசுக்குப் பக்கத்தில் இருந்தது.

இந்த ஆட்டம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் கிரிக்கெட் தின்றுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. 1983-ல் லார்ட்ஸில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய பிறகு பையன்கள் தென்னை மட்டையை எடுத்துக்கொண்டது உண்மைதான். 1980-ல் பிரகாஷ் படுகோன் ஆல் இங்கிலாந்து வென்றதும் ஷட்டிலுக்கு ஒரு கவர்ச்சி வந்தது. ஆனால் எங்கள் திடலில் நடந்தது வேறு. யாரும் இந்த ஆட்டத்தை விட்டு இன்னொரு ஆட்டத்துக்குப் போகவில்லை. ஐந்து மணிதான் போய்விட்டது. இரட்டையரில் ஒருவர் சிங்கப்பூர் போனார். மற்றவர் அவர் பின்னால். சைக்கிள் கடை அண்ணன் துபாய். டீக்கடைக்காரர் மகனும் சென்டரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. நான் 1988-ல் வேலை கிடைத்து சென்னைக்கு. பத்து ஒன்பதானால் இன்னொருவரை உள்ளே கூப்பிடலாம், கூப்பிட்டோம். ஒன்பது எட்டாகி, எட்டு ஐந்தானால் யாரைக் கூப்பிடுவது? மீதி இருந்தவர்களுக்கும் ஐந்து மணி ஒரே மணியாக இல்லை. ஒருவருக்குக் கடை, ஒருவருக்குக் கும்பகோணத்திலிருந்து வரும் பஸ், ஒருவர் பிள்ளைக்கு டியூஷன். இருவர் மட்டும் போதும் என்கிற ஆட்டம் எந்த ஊரிலும் எந்த மணியிலும் பிழைத்துக்கொள்ளும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலையை முடித்துவிட்டு ஒரே இடத்தில் நின்றால்தான் உண்டு என்கிற ஆட்டத்துக்கு ஊரே அந்த நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

கடைசியாக நான் ஆடியது எந்த நாள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று அது கடைசி என்று தெரிந்திருந்தால் எதையாவது கவனித்து வைத்திருப்பேன். 1988 வைகாசியில் ஏதோ ஒரு மாலை. வலையை யார் சுருட்டினார்கள், பந்து யாரிடம் இருந்தது, எதுவும் நினைவில்லை.

ஆட்டம் செத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிகளின் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளில் பூப்பந்து இருக்கிறது. இன்று பெண் பிள்ளைகளும் இதை நன்றாக ஆடுகிறார்கள். எங்கள் திடலைச் சுற்றிக்கொண்டு போனவர்களின் பேத்திகள் மட்டை பிடிக்கிறார்கள் என்று நினைக்கும்போது உள்ளே ஒன்று நிறைகிறது. பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கிறது. அங்கே பத்துப் பேர் கூடுகிறார்கள். பள்ளியை விட்டு வெளியே வந்தபின் அந்தப் பிள்ளைகளுக்கு எந்தத் திடல், எந்த ஐந்து மணி என்றுதான் கவலையாக இருக்கிறது.

சித்தப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. அவருடைய மட்டை என்னிடம் இருக்கிறது, மரச் சட்டத்தோடு. ஷட்டில் கொட்டகைக்குப் போய்வந்த வாரம் அதற்கு நரம்பு போடலாம் என்று எடுத்துக்கொண்டு கடைகடையாகப் போனேன். மூன்றாவது கடையில் இருந்த பையன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். மெஷினில் மாட்டினால் மரம் தாங்காது, உடைந்துவிடும் என்றான். "கையாலதான் போடணும் சார். எங்க அப்பாவுக்குத் தெரியும். அவரு இப்ப இல்லை" என்றான். தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதிலிருந்த பழைய நரம்பின் மூலையில் கொஞ்சம் மஞ்சள் பிசிறு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

மாசியில் குலதெய்வத்துக்குப் படையல் என்று ஊருக்குப் போனேன். மாலை வெயில் இறங்கியதும் கால் தானாகத் திடலுக்குப் போயிற்று. மில் ஓடுவதில்லை, சுவர் மட்டும் நிற்கிறது. குளத்தில் தண்ணீர் இருந்தது. திடல் முழுக்க நெல் மூட்டைகள். சம்பா அறுவடை முடிந்து கொள்முதலுக்கு வந்த நெல், லாரிக்குக் காத்துக்கொண்டு, தார்ப்பாய் போர்த்தி வரிசை வரிசையாக அடுக்கியிருந்தது. நாங்கள் ஆடிய அதே மாதங்களில் இப்போது அது நெல்லுக்கு வேண்டியிருக்கிறது. யாரைக் குறை சொல்ல? வீட்டில் எங்களுக்குச் சோறு போட்டதும் அந்த நெல்தான். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். அந்த வழியாக உள்ளே போனேன். கோடு எங்கே இருந்தது என்று மில் சுவரின் வெடிப்பை வைத்துக் கணக்குப் போட்டு நடந்தேன். வலை நின்ற இடத்துக்கு வந்து நின்றேன். அங்கிருந்து இரண்டு எட்டு தள்ளி சென்டர் நிற்கிற இடம்.

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் பேசிக்கொள்வோம். இடையில் கூப்பிடுகிற பழக்கம் இல்லை. கேட்ட உடனே, "என்னடா, யாருக்காவது ஏதாச்சுமா?" என்று பதறினான்.

"ஒண்ணுமில்லைடா. திடல்ல நிக்கிறேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தம். அவன் நடந்து வெளியே வருவது தெரிந்தது, சத்தம் குறைந்தது.

"மணி என்ன?" என்றான்.

"அஞ்சு அஞ்சரை இருக்கும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காத்து எப்படிடா இருக்கு?" என்றான்.

மூட்டைகளுக்கு நடுவே குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். புழுதியோடு நெல் உமியும் சேர்ந்து வந்தது. மார்பு உயரத்தில் கையை வைத்து விரலைப் பிரித்தேன். உமி முதலில் சாய்ந்தது, புழுதி பின்னால்.

"குளத்துலேருந்து வருதுடா."

"அப்ப மில் பக்கம் எடு" என்றான்.